வேளைக்கு ஒரு கோடு

காகிதத்தை நீளவாக்கில் ஒரு மடி, பிறகு குறுக்கே மூன்று மடி. மடிப்பின் ஓரத்தில் கத்தரியால் ஒரே ஒரு கொத்து. பிரித்து நீட்டினால் பட்டை நெடுகப் பல் பல்லாக வெட்டு விழுந்திருக்கும், ஒவ்வொரு பல்லும் ஒரு வேளை அளவைக் காட்டும் கோடு. பின்பக்கம் மைதாப் பசையைத் தடவி, பாட்டிலின் முதுகில் ஒட்டி, கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஒரு தேய்ப்பு. பூவிருந்தவல்லி டிரங்க் ரோட்டில் டாக்டர் வீரராகவனின் கிளினிக்கில் இருபத்தாறு வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறவர் கம்பவுண்டர் கஜபதி. நான் பார்த்த அன்று அவர் பட்டை ஒட்டிய பாட்டிலில் மருந்து இல்லை. வெறும் பம்புத் தண்ணீர்.

“ரெண்டு நாளைக்கு ஒரு கோடு. அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தினே, எங்கிட்ட வராத” என்று சொல்லி, எதிரே நின்ற பெண்ணிடம் பாட்டிலை நீட்டினார். வைத்தியம் அவளுக்கு இல்லை. அவள் வீட்டு ஜன்னலில் இருக்கும் குரோட்டன்ஸுக்கு.

முதலில் எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப் அடித்துப் பிழைக்கிறவன். குடியிருப்பது பூவிருந்தவல்லியில், ஒரு போர்ஷனில். போன வருஷம் காய்ச்சலோடு போய் நின்றபோது, மாத்திரைப் பொட்டலத்தை என் கையில் வைத்த கஜபதி, கையை விடாமல் என் விரல்களையே பார்த்தார்.

“நகத்துல ஈர மண்ணு. ஊட்ல தொட்டி கீதா சார்?”

ஒரு மணி பிளாண்ட் இருக்கிறது என்றேன்.

“தினம் வேரைத் தோண்டிப் பாக்கறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், பார்க்கிறேன். இலை மஞ்சளாகிறதே என்ற கவலையில் பார்க்கிறேன். காலையில் ஒரு சொம்பு, ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு சொம்பு என்று ஊற்றவும் செய்கிறேன். இதில் உமக்கென்ன வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

“தூங்கற கொழந்தைய தட்டித் தட்டி, தூங்கறியா தூங்கறியான்னு கேட்டுகினே இருந்தா, அது எப்போ சார் தூங்கும்?”

அன்றைக்கு எனக்கு இரண்டு பாட்டில்கள் கிடைத்தன. ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று மணி பிளாண்டுக்கு, மூன்று நாளைக்கு ஒரு கோடு. காய்ச்சல் நாலு நாளில் போயிற்று. மூன்று வாரத்தில் செடி சுருண்ட புது இலை ஒன்றை விட்டது. அவர்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, செடியோ பிழைத்துவிட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? வாரத்தில் ஒரு நாளாவது கிளினிக் பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

கஜபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. அரைக்கை வெள்ளைச் சட்டையில் எங்கேயாவது ஒரு ஊதாக் கறை இல்லாமல் இருக்காது. விரல் நுனிகளில் புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து ஏறி, எவ்வளவு கழுவினாலும் போகாத நிறம். அந்த விரலைத்தான் தொட்டி மண்ணில் இரண்டாம் கணு வரைக்கும் விட்டுப் பார்ப்பார். எடுத்ததும் சுண்டுவிரலால் அதைத் தடவி, மூக்கருகே கொண்டுபோய், “புளிச்ச வாடை வருது. வேர் அழுவுது” என்பார். நாடி பார்க்கிற முகம்தான், கொஞ்சமும் மாறாது.

டிரங்க் ரோட்டு லாரிப் புழுதி வீட்டுக்குள் வந்து செடிகளின் மேல் படிவது அவருக்குப் பெரிய துக்கம். யார் வீட்டுக்கு ஊசி போடப் போனாலும், போட்டு முடித்த கையோடு பஞ்சை நனைத்து ஜன்னல் செடியின் இலை ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் தாங்கித் துடைத்துவிட்டுத்தான் வருவார். “இது வழியாத்தான் மூச்சு உடுது. நீ மூக்குல சாக்கப் போத்திகினு இருப்பியா?” தொட்டியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் அது அவர் கைவேலை. வெள்ளிக்கிழமைதோறும் பிளாஸ்திரி இருக்கும் பக்கத்தைக் கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் செடி வெளிச்சத்தைப் பார்த்தே வளைந்து வளைந்து கழுத்து சுளுக்கிக்கொள்ளுமாம். ஜன்னலே இல்லாத ஓட்டு வீடுகளில், கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வெயில் தரையில் எங்கே விழுகிறது, எத்தனை மணிக்கு எங்கே நகர்கிறது என்று வீட்டுக்காரர்களைவிட இவருக்கு நன்றாகத் தெரியும்.

கிளினிக்குக்குப் பின்னால் அவருக்கு ஒரு அறை உண்டு. அங்கே உள்ள செடிகள் எல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான்களில்தான் குடித்தனம் நடத்துகின்றன. காலி குளுக்கோஸ் பாட்டில்களில் மணி பிளாண்ட், சீழ் ஏந்தும் வளைந்த தட்டில் ஃபெர்ன். தண்ணீர் ஊற்றுவதற்கு எனிமா டப்பா. ஆணியில் மாட்டி, ரப்பர் குழாயை மண்ணில் விட்டு, கிளிப்பைக் கொஞ்சமாகத் தளர்த்திவிடுவார். சொட்டு சொட்டாக இறங்கும். பார்த்த அன்றைக்கு நான் முகத்தைச் சுளித்தேன். “கழுவிட்டேன் சார்” என்றார், நான் கேட்காமலே.

அவர் மனைவி கஸ்தூரிக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். “எனக்கு ஜுரம்னா மூணாம் நாளு கேப்பாரு. அந்த ஃபெர்ன் ஒரு இலை கருகட்டும், சாப்பாடு எறங்காது” என்று என்னிடமே சொன்னாள். கஜபதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய மொத்த வைத்தியத்தையும் ஒரே வரியில் அடக்கிவிடலாம். தண்ணீரில்லாமல் செத்த வீட்டுச் செடியை அவர் பார்த்ததில்லை. ஊற்றி ஊற்றிச் சாகடித்ததைத்தான் பார்த்திருக்கிறார். “வாசப்படி மேல கத்தாழைய தலைகீழாக் கட்டித் தொங்க உட்டுகீறாங்கோ. அதுக்கு எவன் தண்ணி ஊத்தறான்? அதுபாட்டுக்குப் பூக்குது. ஏன்னா அது உங்க கைக்கு எட்டல.” அளவு சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஒரு டம்ளர் என்றால் அவரவர் வீட்டு டம்ளர் ஒரு அளவு. ஆனால் பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்தால் பயபக்தியோடு கேட்கிறார்கள். அது மருந்தாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்ததில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஐப்பசி மழை நின்ற ஒரு காலையில் அங்கம்மா ஒரு டால்டா டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பாரிவாக்கத்துக்காரி, பத்து வயதிலிருந்து அங்கே மற்றவர்கள் கழனியில் நாற்று நட்டவள். கழனி வேலை குறைந்துபோய், இப்போது எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பெருக்குகிறாள். பூவிருந்தவல்லி லைன் வீடுகளில் ஓர் அறை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே மகள் காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். டின்னில் இருந்தது ஒரு குரோட்டன்ஸ் குச்சி, நாலு இலை, நாலும் தொங்கிப்போய்.

“எங்க வெச்சிகீற?” என்றார் கஜபதி.

“ஊட்டுக்குள்ள. வெளிய வெச்சா ஆடு மேஞ்சிடும்.”

“தண்ணி?”

“தண்ணி நிக்குது.”

“நிக்குதுன்னா?”

“எப்பவும் ரெண்டு வெரக்கடை நிக்குது. நாத்துன்னா தண்ணி நிக்கணும் தானே.”

கஜபதி டின்னைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஆணியால் போட்ட ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் களிமண் உருண்டை வைத்து, சாணி பூசி, அழுத்தமாக அடைத்திருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. முப்பது வருஷம் மடை அடைத்த கை, வேலையில் குறை வைக்குமா?

“அங்கம்மா, இது நெல்லு இல்ல.”

“எனக்கு வெள்ளாமை சொல்லித் தர வந்துட்டான் பாரு கம்பண்டரு” என்று அவள் பெஞ்சில் இருந்த எங்களைப் பார்த்துச் சொன்னாள். “நீ எத்தினி ஏக்கர் நட்டுகீறே?”

“ஒண்ணும் நட்டதில்ல.”

“அப்போ சும்மா இரு.”

இருந்தாலும் அவள் போகவில்லை. கஜபதி கத்தரி முனையால் உருண்டைகளைக் குத்தி எடுக்க, கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டறை வாசலில் தோட்டக்காரன் வெட்டிப் போட்ட குச்சியாம் அது. குப்பையில் போடப் போனவள் எடுத்து வந்து நட்டிருக்கிறாள். இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று நான்தான் கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

“இந்த வயசு வரைக்கும் நட்டதெல்லாம் எவனோ அறுத்துகினு போனான் சாமி. இது ஒண்ணுதான் என் ஊட்டோட கீது.”

அதற்குமேல் கஜபதி அவளிடம் வாதம் செய்யவில்லை. மண்ணை மாற்றினார். அடியில் ஓட்டுச் சில்லுகளைப் போட்டு, ஏரி மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, காலி மருந்துப் பாட்டில் ஒன்றில் பட்டை ஒட்டிக் கொடுத்தார். அங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும். இரண்டு நாளைக்கு ஒரு கோடு என்பதை ஒரு தரம்கூடத் தவறவிடவில்லை. கார்த்திகை பிறப்பதற்குள் குச்சியின் உச்சியில் சிவப்பாக ஓர் இலை விரிந்தது. வேலைக்குப் போகிற வழியில் கிளினிக் வாசலில் நின்று, “கம்பண்டரே, செவப்பு வந்துட்ச்சு” என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதே கார்த்திகையில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. குரோட்டன்ஸில் மாவுப்பூச்சி, இலைக் கணுவில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக. அங்கம்மாவுக்கு இழுப்பு. பனிக்காலம் வந்தால் அவளுக்கு வருஷா வருஷம் மூச்சு விசில் அடிக்கும். டாக்டர் சோதித்துப் பார்த்து, பனி முடிகிற வரையில் வேளை தவறாமல் மிக்ஸ்சர் சாப்பிடச் சொன்னார். கஜபதி இருமல் மிக்ஸ்சர் ஒரு பாட்டிலில் ஊற்றி, பட்டை ஒட்டினார். பூச்சிக்கு, புகையிலையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு சோப்பு கரைத்த தண்ணீரை இன்னொரு பாட்டிலில் ஊற்றி, அதற்கும் பட்டை ஒட்டினார், வாரம் ஒரு கோடு. இரண்டும் ஒரே பழுப்பு. இரண்டாவதில், ‘செடிக்கு மட்டும். குடிக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில், அச்சடித்த மாதிரி எழுதி ஒட்டினார். வாயாலும் சொன்னார். ஆனால் அன்றைக்குக் கூட்டம், அவள் இருமிக்கொண்டிருந்தாள், இவர் சொல்லும்போதே அடுத்த ஆளின் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் பெஞ்சில் இருந்தேன். அங்கம்மாவுக்குப் பக்கத்து வீட்டு நாகவல்லி ஓடி வந்தாள்.

“டாக்டரய்யா, அங்கம்மா வாந்தி வாந்தியா எடுத்துகினு கீது. கையி காலெல்லாம் ஜில்லுனு ஆயிட்ச்சு. மருந்து குடிச்சதும் இப்டி.”

“எந்த பாட்டில்?” என்றார் கஜபதி.

“எனக்கு இன்னா தெரியும்? கோடு போட்ட பாட்டிலு.”

கஜபதி கையில் இருந்த கத்தரியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதையும் பிடித்துக்கொண்டே டாக்டருக்குப் பின்னால் ரிக்‌ஷாவில் ஏறினார். நானும் ஓடினேன். லைன் வீட்டில் அங்கம்மா சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். வேர்த்துக் கொட்டியது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் பாட்டிலின் வாயை முகர்ந்து பார்த்தார். கஜபதியிடம் நீட்டிவிட்டு வேலையில் இறங்கினார். நடுப்பகலில்தான் நாடி நிலைக்கு வந்தது. குடித்ததெல்லாம் வாந்தியிலேயே வெளியேறியதுதான் பிழைக்க வைத்தது என்றார் டாக்டர். சாயங்காலம் அவளால் எழுந்து சாய்ந்து உட்கார முடிந்தது.

“கசந்துச்சு” என்றாள். “மருந்துன்னா கசக்கும்னு முழுங்கிட்டேன்.”

டாக்டர் வீரராகவன் கத்துகிற மனிதர் இல்லை. வாசலுக்கு வந்ததும் அந்தச் சிவப்பு மை எழுத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத யார் படிக்கறதுக்கு எழுதினே, கஜபதி?”

டாக்டர் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கஸ்தூரி சொன்னாள். திட்டு வாங்கினால் இரண்டு நாளில் தெளிந்துவிடுவாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்குப்பையோடு கஜபதி வீடு வீடாகப் புறப்பட்டார். அவர் கொடுத்த செடிப் பாட்டில்களை எல்லாம், வெறும் தண்ணீர் பாட்டில் உட்பட, திரும்ப வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்கும் வந்தார். என்னுடையது தண்ணீர்தானே, எனக்குப் படிக்கவும் தெரியுமே என்று சண்டை பிடித்தேன். “குடுத்துடுங்க சார்” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு பாட்டிலை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு மருந்து கொடுக்கிற ஒவ்வொருவரிடமும், “படிக்கத் தெரியுமா?” என்று கேட்கத் தொடங்கினார். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டரிடமும் கேட்டுவிட்டு ஒரு வாரம் ஏச்சு வாங்கினார். பூச்சி வந்த செடிகளுக்குப் பாட்டில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு தானே போய், கணுக் கணுவாகத் துடைத்துவிட்டு வருவார். அங்கம்மாவின் குரோட்டன்ஸையும் அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நாகவல்லியிடம் சொல்லி வெளியே எடுத்து, அப்படித்தான் துடைத்துவிட்டு வந்தார். அவள் எதிரில் போய் நிற்க அவருக்குத் தைரியம் இல்லை.

அங்கம்மாவுக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் இதைவிட நல்லது. பாட்டிலைக் கண்டால் அவளுக்குப் பயம். மார்கழி பிறந்து இழுப்பு ஏறியபோது டாக்டரே போய்ச் சொன்னார். சரி சாமி என்று தலையாட்டினாள். பாட்டில் வாசற்படியிலேயே மூடி திறக்காமல் கிடந்தது. ஊசி போட்டார்; ஒரு நாள் தாங்கியது. வேறு டாக்டரிடம் போகச் சொன்னால், “எவரு குடுத்தாலும் பாட்டிலுதானே” என்றாள். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரோடு சேர்த்து ஓரமாகத் துப்பினாள். வேண்டுமென்று இல்லை, வயிறு தானாகப் புரட்டிக்கொண்டு வந்தது.

வேலைக்குப் போவது நின்றது. பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொங்கலுக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று பட்டறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் எங்களிடம் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். மருந்து உள்ளே போகாவிட்டால் இந்தப் பனியை அவள் தாண்டமாட்டாள்.

மார்கழி முடிகிற வாரம் ஒரு காலை, நான் பஸ்ஸுக்குப் போகும்போது கஜபதி கிளினிக் படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மிக்ஸ்சர் பாட்டில். உள்ளே பெஞ்சு நிரம்பி வழிந்தது.

“சார், கூட வாங்க. தனியாப் போவ கால் வரல.”

ஆபீஸுக்கு நேரமாகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு தோளும் காதுவரை ஏறி இறங்கின. குரோட்டன்ஸ் இரண்டு சாண் உயரம் வளர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாக ஜன்னலில் நின்றது. அவ்வளவு மூச்சுத் திணறலிலும் பாட்டில் இல்லாமலே, கைக்கணக்கில் அதற்கு இரண்டு நாளைக்கு ஒரு தரம் அளந்து ஊற்றியிருக்கிறாள். கஜபதி அதைப் பார்க்கக்கூட இல்லை.

“வாசல்ல வெச்சிட்டுப் போ கம்பண்டரே” என்றாள். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ஒம்மேல ஒண்ணும் இல்ல. எனக்கு எறங்கல, அவ்ளோதான்.”

அந்த லைனில் கஜபதி எந்த வீட்டிலும் வாசலைத் தாண்டி உட்கார்ந்தவர் இல்லை. ஊசி போட்டாலும் நின்றுகொண்டே போட்டுவிட்டு வருகிறவர். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அடுப்போரம் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய அலுமினிய டம்ளரை எட்டி எடுத்தார். பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கோடு அளவுக்கு டம்ளரில் ஊற்றினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உனக்கு இல்ல” என்று சொல்லி, தானே அண்ணாந்து குடித்தார்.

குடித்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு கோணிப் போயிற்று.

“இவ்ளோ கசக்குதா இது?”

அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். “இத்தினி வருசமா ஊருக்கே ஊத்திக் குடுத்தியே, தெரியாதா?”

“குடிச்சதில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறி, அவளைப் பிடித்து உலுக்கி எடுத்தது. அது அடங்கியதும் டம்ளருக்குக் கை நீட்டினாள். கஜபதி கொடுக்கவில்லை.

“இரு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னு பாத்துக்கோ. அப்புறம் குடி.”

இருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கை நடுங்குகிறதா, நெற்றியில் வேர்க்கிறதா என்று அவள் கண் தேடியது எனக்குத் தெரிந்தது. அவரும் பார்க்கட்டும் என்று அசையாமல் இருந்தார். கிளினிக்கில் ஜனம் காத்திருக்கிறது என்று வாசலில் ஓர் ஆள் வந்து சொன்னான். கஜபதி திரும்பவில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

“போதும்” என்றாள் அங்கம்மா. டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் ஊற்றக் கை நீட்டியதைத் தள்ளிவிட்டு, பாட்டிலை எடுத்து, அடுத்த கோட்டில் நகத்தை வைத்து, தானே அளந்து ஊற்றினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். வயிறு ஒரு தரம் தூக்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினாள். உள்ளே நின்றது.

“நீ கிளம்பு. அங்க தேடுவாங்கோ.”

கஜபதி எழுந்திருக்கவில்லை. பாட்டிலின் மூடியை இறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு, இப்போது அவர் அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.